கேமரா பார்க்காத நம்பர்

"முதல்ல எடுத்தது எங்க?"

எங்கள் கடைக்கு யார் எந்த வீடியோவைக் கொண்டு வந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்குப் பிறகு. வந்தவர் ஆசையாகப் போனை நீட்டுவார். அக்கா கையில் வாங்கமாட்டார். "இது வாட்ஸ்அப்ல வந்தது. உங்களுக்கு யாரு அனுப்பினது? அவருக்கு யாரு அனுப்பினது? முதல்ல எடுத்த போன் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்பார். வந்தவருக்கு ஏதோ களவு செய்து மாட்டிக்கொண்டது போல ஆகிவிடும்.

கம்பளைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர், கல்யாண வீடியோவைப் பெரிய திரையில் போடும்படி செய்து தரச் சொல்லி வந்தார். அவரிடம் இருந்தது யாரோ அனுப்பி யாரோ அனுப்பி வந்த துண்டு வீடியோ. அக்கா அவரை மூன்று தரம் திருப்பி அனுப்பினார். நண்பனிடம் போனார். நண்பனின் மச்சானிடம் போனார். கடைசியில் அந்த மச்சானின் மனைவி, தோடு வைக்கும் டப்பாவுக்குள் கேமராவின் மெமரி கார்டைப் பத்திரமாக வைத்திருந்தார். நாலாம் தரம் கார்டோடு மாடி ஏறி வந்தபோது மாப்பிள்ளை எங்கள் இருவரையும் அடிக்கிற நிலையில் இருந்தார். அக்கா கார்டைச் செருகி, படத்தைத் திரையில் விட்டார். மாலையில் கட்டிய வெள்ளி நூல் வரைக்கும் தெரிந்தது. மாப்பிள்ளை கீழே இறங்கிப் போய், மீன் வைத்த மாலு பாண் மூன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுத உரிமை இல்லை, கேட்கிற முகமும் எனக்கு இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடியோ கடை. நான் கேமராக்காரன். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, திருமுழுக்கு, எதுவானாலும் தோளில் கேமராவோடு போவேன். நான் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிச் சீராக்குவது அக்கா. ஐம்பதை நெருங்கிய வயது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கழுத்தில் சிலுவை கோர்த்த மெல்லிய சங்கிலி. கைப்பையில் எப்போதும் துவைத்து மடித்த ஒரு பழைய பனியன் துணி இருக்கும். வந்ததும் அதால் திரையைத் துடைத்த பிறகுதான் கதிரையில் உட்காருவார். தூசியைப் படத்தில் இருக்கும் குறை என்று நினைத்துவிடக் கூடாதாம்.

என் படங்களைப் பார்த்து அவர் ஏசாத நாள் கிடையாது. "தம்பி, மணமேடைக்குப் பின்னுக்கு ஜன்னல் இருக்குன்னு உங்க கண்ணுக்குத் தெரியலையா? பொண்ணு மூஞ்சி கறுப்பா விழுந்திருக்கு. இத நான் எங்கருந்து எடுக்கிறது?" என்பார். ஏசிக்கொண்டே அரைநாள் உட்கார்ந்து, இருட்டிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தும் விடுவார். எவ்வளவு வருமோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு இழை கூட்டமாட்டார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு தரம் அவர் லீவில் இருந்தபோது, முகத்தை வழுவழுப்பாக்கும் ஒரு பில்டரைப் போட்டு ஒரு கல்யாண வீடியோவை நானே முடித்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பெண்ணின் அம்மா போன் எடுத்தார்.

"எங்க புள்ளையோட மச்சம் எங்க?"

கன்னத்தில் இருந்த மச்சத்தை பில்டர் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அந்த மச்சம் வந்தால் குடும்பத்துக்கு நல்லது என்று ஜோசியர் சொல்லித்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்களாம். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே புடவைக்கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

அக்காவுக்கு வேலை தெரியாமல் பிடிவாதம் பிடிக்கிறார் என்று யாரும் நினைக்கக் கூடாது. அக்குறணையிலிருந்து ஒரு அம்மா, மகனோடு வந்து ஒரு பழைய வீடியோ கசெட்டைக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய அவருடைய நிக்காஹ் வீடியோ. அவருடைய வாப்பா அதற்கு ஆறு மாதம் கழித்து மௌத்தாகிவிட்டார். கேமராவைக் கண்டால் ஒதுங்கிப் போகிற மனிதராம். வீடியோ முழுக்கத் தேடினால், அலுமாரிக் கண்ணாடியில் அவர் நிழல் நாலு நொடி விழுந்திருக்கிறது. வேறு படமே இல்லை.

கசெட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அக்கா அன்று அதை ஓடவிடவே இல்லை. கூட்டைத் திறந்து, நாடாவைத் துடைத்து, வேறு ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றினார். ஒன்றுக்கும் உதவாத ஒரு கசெட்டை முதலில் ஓடவிட்டுப் பிளேயரைச் சோதித்தார். இரண்டு பிளேயரில் எது நன்றாகக் காட்டுகிறது என்று பார்த்தார். எல்லாரும் மாட்டும் மஞ்சள் வயரை விட்டுவிட்டு, அதைவிட நல்ல வேறு வயரைத் தேடி மாட்டினார். பிறகுதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தரம் ஓடவிட்டுப் பதிவு செய்தார். இரண்டாம் தரம் ஓடினால் நாடா உதிர்ந்துவிடலாம் என்பது அவர் பயம்.

கண்ணாடியில் அந்த வாப்பா வந்தார். தொப்பி, தாடி, தலையைச் சாய்த்து யாரோ சொல்வதைக் கேட்கும் விதம். அவ்வளவுதான். மகனுக்குப் போதவில்லை. "இன்னும் ஷார்ப் பண்ணலாமே ஆன்டி?" என்றான்.

"ஷார்ப் பண்ணினா மூஞ்சியச் சுத்திக் கோடுதான் வரும் மகன். கேமரா பாக்காதத நான் வரைஞ்சு தரக் கூடாது. அப்புறம் அது உங்க மூத்த வாப்பா இல்ல, நான் வரைஞ்ச ஆளு" என்றார் அக்கா.

அந்த அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேணாம் மகன். வாப்பா இப்பிடித்தான் இரிந்தாரு. இது போதும்" என்றார்.

அக்காவின் மகன் டோஹாவில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கோல் எடுப்பான். சிக்னல் விழுந்து அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். "அக்கா, வச்சிட்டுத் திரும்ப எடுங்க" என்பேன். வைக்கமாட்டார். அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். "உடைஞ்சு தெரிஞ்சாலும் அவந்தானே தம்பி" என்பார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இனி ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

முப்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண். கண்டியில் ஒரு கடையில் வேலை செய்யும் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் ஒரு மாலை ஆறரை மணிக்கு, மழை விட்ட நேரத்தில், பஜாரிலிருந்து தோட்டத்துக்கு நடந்து போயிருக்கிறார். ஒரு ஆட்டோ பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கிடந்ததை ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர், கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே என்று சொன்னாராம்.

"நிப்பாட்டியிருந்தா பொழைச்சிருப்பாரு மிஸ்" என்றாள். "ஏன் நிப்பாட்டலன்னு அந்தாள்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

இடித்ததை அங்கிருந்த ஒரு பலசரக்குக் கடையின் கேமரா பார்த்திருக்கிறது. தம்பி தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினான். கடை டிவியில் ஓடவிட்டு, டிவியைப் போனால் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றிய வீடியோ. நம்பர் பலகை இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு கறை.

"முதல்ல எடுத்தது எங்க? கடையில கேமராப் பதிவுப் பெட்டி இருக்குமே?" என்றார் அக்கா.

தம்பி கடை முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டான். "அது பதினாலு நாளைக்குத்தான் நிக்கும். அதுக்குப் பொறகு பழசு மேல புதுசு ஏறிரும். இப்ப இல்லையே" என்றார் முதலாளி.

"அவரு செத்து இன்னைக்கு எத்தன நாளும்மா?" என்று கேட்டார் அக்கா.

"பதினேழு மிஸ். பதினாறு முடியிற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதுன்னாங்க. நேத்துத்தான் கருமாதி முடிஞ்சிச்சு. தம்பியும் காரியத்துக்கெல்லாம் நின்னான்."

பொலிஸ் என்ன செய்தது என்று நான் கேட்டேன். மறுநாளே ஒரு கான்ஸ்டபிள் வந்து பார்த்தாராம். அவரும் டிவியைத் தன் போனில் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அத்தனை பேர் வீடியோவைப் பார்த்தும், பெட்டியிலிருந்து அதை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போனில் இருக்கிறதே, அது போதும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவன்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினார். பெட்டியை அவரே பார்த்தார். உண்மையில் இல்லை. பிறகு முதலாளி மகனின் போனைக் கேட்டு வாங்கினார். முதன்முதலாக டிவியை எடுத்த போன் அது. அதிலிருந்த வீடியோவை வயர் போட்டுத் தன் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டார். பொலிஸுக்குப் போய், அந்தக் கான்ஸ்டபிளிடம் கெஞ்சி, அவர் போனிலிருந்தும் இறக்கினார். "ரெண்டு பேரும் வேற வேற பக்கமா நின்னு எடுத்திருக்காங்க தம்பி. ஒருத்தர்ல மறைஞ்சது மத்தவர்ல தெரியலாம்" என்று திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். அன்று அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது.

நாலு நாள் உட்கார்ந்தார். பலகை கேமராவுக்குத் தெரிந்தது ஒரு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஒன்பது படங்கள். இரண்டு போனிலும் இருந்த அந்த ஒன்பது ஒன்பது படங்களை ஒவ்வொன்றாக நேராக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் மிஞ்ச விட்டார். மஞ்சள் கறைக்குள் எழுத்து வந்தது. முதல் இரண்டு இலக்கமும் வந்தது. மூன்றாவது மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். நாலாவது வரவே இல்லை.

ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, தெரிந்ததை எழுதி, மூன்றாவது கட்டத்தில் இரண்டையும் எழுதி, நாலாவதை வெறுமையாக விட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "இருபது நம்பர்தான் வரும்மா. பொலிஸ்ல ஒவ்வொன்னாப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பொலிஸில் தாளைப் பார்த்துவிட்டு, இருபது ஆளை எங்கே தேடுவது, ஒரு நம்பராகக் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வாரத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி எங்கள் கடைக்கு வரத் தொடங்கினாள். சுவரோரம் உட்கார்ந்து, "ஏதாச்சும் தெரிஞ்சிச்சா மிஸ்?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பார் அக்கா. திரும்பவும் அந்தப் படங்களைத் திறந்து பார்ப்பார், மூடுவார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்காது. அவள் மாடி ஏறும் சத்தம் கேட்டாலே டீ குடிக்கிற சாக்கில் இறங்கிப் போய்விடுவேன்.

ஒரு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. அக்கா மத்தியானப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் வந்தாள். டீயை ஏற்கெனவே குடித்துவிட்டேன், போக இடமில்லை. மங்கலான படத்தைத் தெளிவாக்கும் என்று ஒரு புது சாப்ட்வேரை அந்த வாரம்தான் என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அக்காவின் படத்தை எடுத்து அதற்குள் போட்டேன்.

சில நிமிஷத்தில் நம்பர் பலகை பளிச்சென்று வந்தது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, நாலு இலக்கமும். பலகையைப் பொருத்திய ஸ்க்ரூக்கள் கூடத் தெரிந்தன. அக்கா சொன்ன இருபதில் ஒன்றுதானே இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டோத் தாளில் அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்காவால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்ற பெருமை. மறைத்து என்ன பயன்?

அவள் தம்பி அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். மூன்றாம் நாள், அந்த நம்பர் ஆட்டோவை குட்ஷெட் பக்கத்தில் கண்டுபிடித்துச் சூழ்ந்துகொண்டார்கள். ஓட்டியவர் அலவத்துகொடை முஸ்லிம். முன் கண்ணாடியை உடைத்தார்கள். அவர் கன்னத்தில் அறைந்தார்கள். பொலிஸ் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தது. விபத்து நடந்த வாரம் முழுக்க அந்த ஆட்டோ எஞ்சின் கழற்றியபடி கராஜில் கிடந்தது என்று கராஜ் பாஸ் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். ரோட்டில் தொடங்கிய ஒரு சண்டை முஸ்லிம் கடைகளை எரித்ததில் போய் முடிந்ததை எங்கள் பக்கத்தில் எல்லாரும் முன்பே பார்த்திருக்கிறோம். அந்த வாரம் அலவத்துகொடையில் கடைகளை வெளிச்சம் இருக்கும்போதே சாத்தினார்கள்.

பேஸ்புக்கில் வந்த படத்தை அக்கா தன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ தெரியுது" என்றார். "ஒன்பது படத்துலயும் இல்லாத ஸ்க்ரூ. இது நம்ம கடையிலருந்தா போச்சு தம்பி?"

"ஆமாக்கா."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கும் படத்தில் யாருடைய தலையாவது வெட்டுப்பட்டதற்கும் அவ்வளவு ஏசியவர், அன்று ஒன்றுமே சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அலவத்துகொடைக்குப் போனார். ஆட்டோக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். காதுக்குக் கீழே இன்னும் வீக்கம் வற்றவில்லை. யார் என்று சொல்வதற்கு முன்பே அவர் உம்மா எங்களுக்குக் கதிரை போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டார். அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"அந்தப் படம் எங்க கடையில செஞ்சது. கடைசி நம்பர மெஷின் தானாப் போட்டது. உங்க நம்பர் அந்த வீடியோவுல இல்ல" என்றார் அக்கா.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படக்கூட அலுப்பாக இருப்பது போன்ற பார்வை. "ஒம்பது புள்ளையள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போன நான். இப்ப ஒரு புள்ளையும் வாறல்ல. பொலிஸ் உட்டாலும் தாய்தகப்பன்மாருக்குப் பயம்தானே" என்றார்.

"நாங்க பொலிஸுக்கு எழுதித் தர்றோம். உங்களுக்கும் ஒரு கடிதம் தர்றோம். எல்லாருக்கும் காட்டுங்க" என்றார் அக்கா.

"படத்த ஆயிரம் பேர் பாத்த மிஸ். கடிதத்த யாரு வாசிக்கிற?"

ஆனாலும் அக்கா எழுதினார். நான் செய்ததற்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எடிட்டர் போட்டால்தான் பொலிஸில் எடுப்பார்கள் என்று சொல்லி அக்காவே போட்டார். கடைக்குக் கெட்ட பெயர் என்று எங்கள் முதலாளி குதித்தார். கையெழுத்து யாருடையதோ அவர் மாத முடிவோடு நின்றுகொள்ளலாம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். குற்றம் என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன், அக்காவின் மேசையில்.

அக்காவின் கடைசி வாரத்தில் அந்தப் பெண் திரும்ப வந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் கேட்க வரவில்லை. சொல்ல வந்திருந்தாள்.

"அவன் ஆள் வச்சுத் தப்பிச்சிட்டான் மிஸ். ஞாயித்துக்கெழம தம்பி நாலஞ்சு பேரோட அலவத்துகொடைக்குப் போறான். வூட்டுலயே வச்சுக் கேக்கப் போறாங்க."

அக்கா எழுந்துவிட்டார். "அவரு இல்லம்மா. அன்னைக்கு அந்த ஆட்டோ கராஜ்ல கெடந்திச்சு. அந்த நம்பர் பொய். மெஷின் போட்டது."

"பொய்யா இருந்தா எப்படி மிஸ் அவ்ளோ தெளிவா இருக்கும்? நீங்க எழுதிக் குடுத்த தாள்லதான் ஒன்னுமே இல்ல."

அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். படத்துக்கு மேல் படம் வைத்ததைக் காட்டினார். கராஜ் பாஸிடம் பேசச் சொல்லிப் போனை நீட்டினார். அவள் எதையும் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தச் சாப்ட்வேரத் திறங்க."

எனக்கு விளங்கவில்லை. ஆனால் திறந்தேன். அக்கா அந்த வீடியோவை எடுத்து, இடிபடுவதற்கு முந்திய இடத்தில் நிறுத்தினார். கடை விளக்கின் கீழ் ஒரு மனிதர் நடந்து வருகிறார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கணம் கேமரா பக்கம் முகத்தைத் திருப்புகிறார்.

"இது உங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமா மிஸ்." அவள் குரல் மாறிவிட்டது. "குடைய அப்படித்தான் வச்சிக்குவாரு."

"மூஞ்சி தெரியுதா?"

"இல்ல."

"தெளிவாக்கிக் காட்டவா?"

அவள் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தாள். அடையாள அட்டைப் படத்தைத் தவிர அவரது படம் வேறு ஒன்றும் அவளிடம் இல்லை. அவள் முகத்தில் வந்த ஆசையைப் பார்க்க முடியாமல் நான் கீழே குனிந்து பட்டனை அழுத்தினேன். அக்காவும் அவளைப் பார்க்கவில்லை.

முகம் வந்தது. சீராக வெட்டிய மீசை, கூர்மையான மூக்கு, கண்ணில் வெளிச்சம். தோல் சுருக்கம் கூடத் தெளிவாக இருந்தது. அழகான ஆள்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். திரைக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"இது யாரு?" என்றாள்.

"இது அவரு இல்ல மிஸ். அவருக்கு மூக்கு இப்படி இல்ல. இது யாரோ ஒரு ஆளு." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கைப்பையைத் திறந்து, நான் கொடுத்த நம்பர் படத்தை வெளியே எடுத்தாள். நனையாமல் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தாள். அதை மேசையில் வைத்து, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

"டேய், போவாத. அவன் இல்ல. சொல்றேன்ல, போவாத" என்றாள். வைத்தாள்.

அக்கா அவள் தோளில் கை வைத்தார். தான் செய்தது கொடுமை என்று அவருக்குத் தெரியும். அவர் கண் கலங்கியதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"அப்ப அவர இடிச்சது யாரு மிஸ்?"

"தெரியாதும்மா" என்றார் அக்கா.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த அந்த அழகான முகத்தை விரலால் காட்டினாள்.

"அத அழிச்சிருங்கண்ணே. பாத்துக்கிட்டே இருந்தா அவரு மூஞ்சி மறந்துரும்."

அழித்தேன். அழிந்துவிட்டதா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.